ஏழு கட்டையில் ஒரு சிம்பொனி

பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசஃப் ஹைடன் எழுதிய சிம்பொனிகளுக்கு 1 முதல் 104 வரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். இதில் 45-ஆம் எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1772-இல் ஹைடனின் எசமானரான எஸ்டர்ஹாசி இளவரசர் நிக்கோலஸ் தன் கிராமத்து அரண்மனையில் வழக்கத்தைவிட அதிக நாள் தங்கிவிட்டார். இசைக்காரர்களின் மனைவி மக்கள் எல்லாம் ஐசன்ஸ்டாட் ஊரில். வீட்டுக்கு எப்போது போவது என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு வெளியே போவார்கள். முடிவில் இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும். இளவரசருக்கு விஷயம் புரிந்து, மறுநாளே ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார் என்பார்கள். அதுதான் 'விடைபெறல்' சிம்பொனி.

அதே 1772-இல் எழுதியதுதான் 46-ஆவது. அதற்குக் கதையும் கிடையாது, செல்லப்பெயரும் கிடையாது. ஹைடன் சிம்பொனிகளில் எது பேர் வாங்கியது என்று பார்த்தால் ஒன்று புரியும்: 'கடிகாரம்', 'கரடி', 'கோழி', 'ஆச்சரியம்' என்று யாரோ ஒரு பெயர் ஒட்டியவை பிழைத்துக்கொண்டன. பெயர் இல்லாதவை பட்டியலில் எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. நானும் 46-ஐத் தேடிப் போய்க் கேட்கவில்லை. 45 முடிந்ததும் அணைக்காமல் விட்டதால் தானாக ஓடிய இசை அது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஏதோ தவறான இடத்துக்குத் தாவிவிட்டது என்று நினைத்து போனை எடுத்துப் பார்த்தேன். தவறு ஒன்றும் இல்லை, ஹைடன் அப்படித்தான் எழுதியிருந்தார். அந்த இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

46-இன் விசேஷம் அதன் சுருதி. மேற்கத்தியப் பெயரில் பி மேஜர். நம் வழக்கில் சொன்னால் ஏழு கட்டை சங்கராபரணம். (ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண், நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று அரைக் கணக்கு.) பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான சிம்பொனிகள் எழுதப்பட்டன, ஆனால் அவற்றில் பி மேஜரில் உள்ளதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஹைடனே தன் நூற்றுச் சொச்ச சிம்பொனிகளில் வேறு எதற்கும் இந்தச் சுருதியைத் தொடவில்லை.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவருக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரையில் பாடுவார். ராகம் அதனால் மாறிவிடுமா? சங்கராபரணம் எந்தக் கட்டையில் பாடினாலும் சங்கராபரணம்தான். சுருதி என்பது குரலுக்கு வசதியான இடம், அவ்வளவுதானே? அப்படியிருக்க, ஏழு கட்டையில் எழுதியதை ஒரு துணிச்சல் என்று ஏன் சொல்ல வேண்டும்?

விடை இசையில் இல்லை, வாத்தியத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் சுருதிக்குத் தந்திகளை முறுக்கிச் சேர்த்துக்கொள்கிறார். பாடகர் மாறினால் வயலினும் மாறும். மேற்கில் அப்படி இல்லை. அங்கே வயலினின் நான்கு தந்திகளும் எப்போதும் ஜி, டி, ஏ, இ. நம் கணக்கில் ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று கட்டை. எந்தச் சுருதியில் எழுதிய இசையாக இருந்தாலும் இந்த நான்கை வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

இப்போது ஒரு ஹார்மோனியத்தை எடுத்து ஏழாம் கட்டையிலிருந்து சங்கராபரணம் வாசித்துப் பாருங்கள். ஏழு, ஒன்றரை, இரண்டரை, மூன்று, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஐந்து கறுப்புக் கட்டைகளும் வந்துவிடும். வெள்ளையில் இரண்டே இரண்டு, ஏழும் மூன்றும். வயலினின் நான்கு தந்திகளில் மூன்றாம் கட்டைத் தந்தி மட்டும்தான் இந்த ஸ்வரங்களில் சேரும். மற்ற மூன்றும் ராகத்துக்கு வெளியே. வயலினின் பெரிய உறவுகளான வயோலாவுக்கும் செல்லோவுக்கும் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் தந்திகள் ஒன்று, ஐந்து, இரண்டு, ஆறு. ஒன்றுகூடச் சேராது.

சேராவிட்டால் என்ன, விரல் வைத்து வாசித்துக்கொள்ளலாமே? வாசிக்கலாம். ஆனால் தந்தி வாத்தியத்தின் ஒலி என்பது வில் படும் தந்தியின் ஒலி மட்டும் அல்ல. பக்கத்தில் சும்மா இருக்கும் தந்தியும், தனக்கு உறவான ஸ்வரம் கேட்டால் கூடவே அதிரும். டி மேஜரில், அதாவது இரண்டு கட்டையில் எழுதினால் வயலினின் நான்கு தந்திகளும் ராகத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் கொண்டாட்டமான இசைக்கு அந்தக் காலத்தில் டி மேஜரை அவ்வளவு பேர் நாடினார்கள். முழு வாத்தியமும் கணகணவென்று முழங்கும். பி மேஜரில் அந்தக் கூட்டு அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. விரல் வைத்த தந்தி மட்டும் ஒலிக்கிறது. பெயர் மேஜர், ஆனால் ஒலியில் ஒரு திரை விழுந்த மாதிரி இருக்கும். ஜமுக்காளம் விரித்த அறையில் பேசுவது போல.

கொம்புக்காரர்களின் பாடு இதைவிடப் பெரிது.

ஆர்க்கெஸ்ட்ராவில் உள்ள ஹார்னை இங்கே கொம்பு என்றே சொல்கிறேன், ஹார்ன் என்றால் நமக்கு லாரிதான் நினைவுக்கு வருகிறது. இன்றைய கொம்பில் வால்வுகள் இருக்கின்றன, எந்த ஸ்வரமும் வாசிக்கலாம். அந்த வால்வு 1810-களில்தான் வந்தது. ஹைடன் காலத்துக் கொம்பு ஒரு நீளமான பித்தளைக் குழலைச் சுருட்டி வைத்தது, அவ்வளவுதான். துளையும் இல்லை, சாவியும் இல்லை. உதட்டின் இறுக்கத்தை மாற்றி ஊதினால் அந்தக் குழலின் இயற்கையான ஸ்வரங்கள் மட்டும் வரும்: கீழே ஒரு ச, அதன் மேல் ச, பிறகு ப, அடுத்த ச, க, ப என்று படிப்படியாக. மேலே போகப் போகத்தான் படிகள் நெருங்கும். ஆக, இரண்டு கட்டைக் குழலால் இரண்டு கட்டை இசைக்குத்தான் சுருதி சேர்ந்து ஊத முடியும். வேறு சுருதிக்குப் போக வேண்டுமானால் குழலின் நீளத்தை மாற்ற வேண்டும். அதற்காக வெவ்வேறு நீளத்தில் வளையக் குழல்கள் வைத்திருப்பார்கள். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகுவார்கள். வழக்கமாகப் புழங்கும் சுருதிகளுக்கெல்லாம் வளையம் உண்டு. பி-க்குக் கிடையாது. எஃப் ஷார்ப்புக்கும், அதாவது நாலரைக் கட்டைக்கும், கிடையாது. யாரும் அதில் எழுதுவதில்லை, அதனால் யாரும் செய்து வைப்பதில்லை.

1772 அக்டோபரில் எஸ்டர்ஹாசி அரண்மனைக் கணக்கில் ஒரு செலவு வருகிறது. கொம்புகளுக்கு அரை ஸ்வரம் இறக்கும் வளையங்கள். இந்தச் சின்னக் குழலைச் செருகினால் கொம்பின் சுருதி, ஹார்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டினாற்போல் உள்ள அடுத்த கட்டைக்கு இறங்குவது போல இறங்கும். ஐந்து கட்டைக் கொம்பு நாலரைக்கு வரும். ஒரு கட்டைக் கொம்பு ஏழுக்கு வரும். கணக்கு எளிது: அவ்வளவு இறக்க, குழலின் நீளத்தை ஏறக்குறைய 6 சதவீதம் கூட்ட வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் நீளமுள்ள குழலுக்கு ஒரு சாண் அளவு பித்தளை. அதுதான் விஷயமே. ஒரு சாண் குழலுக்குக் காசு கொடுத்த பிறகுதான் இந்த இரண்டு சிம்பொனிகளையும் வாசிக்க முடிந்தது.

ஏன் இரண்டு? 'விடைபெறல்' எஃப் ஷார்ப் மைனரில் (மைனர் என்பது மேஜரைவிட இருண்ட, சோகம் தொனிக்கும் ஸ்வர வரிசை) தொடங்கி எஃப் ஷார்ப் மேஜரில் முடிவது. நாலரைக் கட்டை. 46 ஏழு கட்டை. ஏழு கட்டையை சட்ஜமாக வைத்தால் நாலரை அதன் பஞ்சமம். சட்ஜ பஞ்சம உறவில் அடுத்தடுத்து இரண்டு சிம்பொனி, இரண்டுக்கும் ஒரே புது வளையம். செலவு செய்து வாங்கியதை ஒரு முறை மட்டும் பயன்படுத்திவிட்டு மூலையில் போட ஹைடனுக்கு மனம் வந்திருக்காது என்பது என் ஊகம். சிக்கனமான குடும்பத்தில் பிறந்த தச்சர் மகன் அவர்.

இவ்வளவு வில்லங்கம் பிடித்த சுருதியை ஒரு அரண்மனை ஊழியர் எப்படித் துணிந்து எடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஹைடன் 1761-இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி அவர் சீருடை போட்ட வேலைக்காரர். வெள்ளைக் காலுறை, பவுடர் போட்ட தலை, தினமும் முன்கூடத்தில் நின்று இன்று இசை வேண்டுமா என்று கேட்க வேண்டும். இளவரசருக்கு பாரிட்டன் என்ற தந்தி வாத்தியத்தில் பைத்தியம். அவர் வாசிப்பதற்காக ஹைடன் 120-க்கும் மேற்பட்ட ட்ரையோக்கள், அதாவது மூன்று வாத்தியங்களுக்கான இசை, எழுதிக் கொடுத்தார், பெரும்பாலும் ஏ, டி, ஜி என்று அந்த வாத்தியத்துக்கு வசதியான சுருதிகளில். எசமானருக்கு எளிய சுருதி, தன் ஆட்களுக்குக் கடினமான சுருதி!

ஆனால் அந்த ஆட்கள் அவரிடம் தினமும் இருந்தார்கள். இருபது பேர்கூடத் தேறாத ஆர்க்கெஸ்ட்ரா. சதுப்பு நிலத்துக்கு நடுவில் கட்டிய அரண்மனை, வெளியே போக இடம் இல்லை. எதை எழுதினாலும் நாளைக்கே வாசித்துப் பார்க்கலாம், சரியில்லை என்றால் மாற்றலாம். 'உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தேன், என்னைக் குழப்பவோ தொல்லை செய்யவோ பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் நான் தனித்துவமாக ஆகியே தீர வேண்டியிருந்தது' என்ற பொருளில் முதுமையில் ஹைடன் தன் வரலாற்றை எழுத வந்த கிரீசிங்கரிடம் சொல்லியிருக்கிறார். 46 மாதிரி ஒன்றைக் கேட்கும்போதுதான் அந்தப் பேச்சு வெறும் அடக்கம் அல்ல என்று படுகிறது. ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசிக்கும் ஒருவர் பி மேஜரில் எழுத மாட்டார். எந்த ஊரில் அந்த வளையம் இருக்கும்?

இந்தக் காலத்து ஹைடன் சிம்பொனிகளுக்கு 'புயலும் உந்துதலும்' என்று ஒரு முத்திரை குத்துவது வழக்கம். ஜெர்மன் இலக்கிய இயக்கம் ஒன்றின் பெயர் அது. அந்தப் பெயரைத் தந்த கிளிங்கரின் நாடகம் 1776-இல் எழுதியது. ஹைடன் இவற்றை எழுதி நான்கு வருடம் கழித்து! 1909-இல் விசெவா என்ற ஆய்வாளர் கிளப்பிவிட்டதுதான் இந்த இணைப்பு, அது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைனரில் உள்ள 44, 45, 49 போன்றவற்றுக்கு அந்த முத்திரை ஒருவாறு பொருந்தும். 46-க்குப் பொருந்தாது. இதில் புயல் இல்லை. குறும்பும் இருட்டும் ஒரே தட்டில் இருக்கின்றன, எது எப்போது கைக்கு வரும் என்று தெரியாது.

சரி, கேட்கலாம். மொத்தம் இருபது நிமிடம் அளவு, நான்கு பகுதி. சீவாளி வைத்து ஊதும் ஓபோ இரண்டு, இரண்டு கொம்பு, தந்திகள், கீழ்க்குரலோடு சேரும் ஒரு பஸூன், அதுவும் சீவாளிக் குழல்தான்.

முதல் பகுதி நான்கு ஸ்வரங்களை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்வதோடு தொடங்குகிறது, உடனே வயலின்கள் மெல்லிய குரலில் பதில் சொல்கின்றன. அந்த நான்கு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், பகுதி முழுக்க அது உள்ளே வந்து வந்து போவது தெரியும். மேஜர் என்று நம்பி உட்கார்ந்தவருக்கு அடிக்கடி மைனரின் நிழல் குறுக்கே விழும்.

இரண்டாம் பகுதி பி மைனர். சட்ஜம் அதே ஏழு கட்டை, ராகம் கீரவாணி, நடபைரவிப் பக்கம் சாய்கிறது. திஸ்ரத்தில் அசையும் சிசிலியானோ நடை, தொட்டில் ஆட்டுவது போன்ற ஒன்று, ஆனால் தூங்கவைக்கும் நோக்கம் இல்லாதது. இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. பி மைனரின் ஸ்வரங்களைத் தந்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஏழு, ஒன்றரை, இரண்டு, மூன்று, நாலரை, ஐந்து, ஆறு. வயலினின் ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று நான்குமே உள்ளே வந்துவிட்டன! மேஜரில் கட்டிப்போட்டது போல் இருந்த வாத்தியத்துக்கு மைனரில் கட்டு அவிழ்கிறது. மேஜர் வெளிச்சம், மைனர் இருட்டு என்ற பாடம் இந்த சிம்பொனியில் பாதி தலைகீழ். இதை ஹைடன் திட்டமிட்டாரோ இல்லையோ, வயலின் வாசித்தவர் அவர், விரல் நுனியில் தெரிந்திருக்கும்.

மூன்றாவது மினுவெட், மூன்று எண்ணிக்கையில் ஆடும் நடன இசை. இதன் மெட்டைக் கவனமாகக் கேட்டு மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பின்பாதியை. நடுவில் வரும் ட்ரியோ என்ற இடைப்பகுதி மறுபடி பி மைனருக்குப் போகிறது. மெட்டு என்று முணுமுணுக்க அதில் அதிகம் இல்லை, தாழ்ந்த குரலில் நகரும் சில நீண்ட ஸ்வரங்கள். நடனம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஏதோ நினைவு வந்து நின்றுவிட்டது போல. பிறகு மினுவெட் திரும்பி வருகிறது. எல்லாம் முறைப்படி.

நான்காம் பகுதிக்கு ஹைடன் எழுதிய குறிப்பு 'பிரஸ்டோ இ ஸ்கெர்சாந்தோ'. வேகமாக, விளையாட்டாக. வயலின்கள் மட்டும் சின்னக் குரலில் ஆரம்பிக்கின்றன. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். இந்த நிறுத்தங்கள் வாக்கியத்தின் முடிவில் வந்தால் பரவாயில்லை. நடுவில் வருகின்றன. தாளம் போட்டுக்கொண்டு கேட்பவரின் கை அந்தரத்தில் நிற்கும்.

முடிவு நெருங்குகிறது என்று தோன்றும் இடத்தில் ஓட்டம் அறுகிறது. வேறு ஒரு இசை நிதானமாக நுழைகிறது. போனை எடுத்துப் பார்த்தேன் என்றேனே, இங்கேதான். வந்திருப்பது மினுவெட். முடிந்துபோன மூன்றாம் பகுதி நான்காம் பகுதிக்குள் வந்து நிற்கிறது. அதுவும் தொடக்கத்திலிருந்து வந்தால் உடனே அடையாளம் தெரிந்திருக்கும். பின்பாதியிலிருந்து ஒரு துண்டு வருவதால், 'இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே' என்று சில விநாடி தடுமாற வேண்டியிருக்கிறது. தெருவில் எதிரே வரும் முகம் தெரிந்த முகம், பெயர்தான் வரவில்லை, அந்த மாதிரி. பெயர் நினைவுக்கு வருவதற்குள் மினுவெட் போய்விடுகிறது, பிரஸ்டோ விட்ட இடத்திலிருந்து எதுவும் நடக்காதது போல ஓடுகிறது.

முடிந்த பகுதி திரும்பி வருவது என்றால் எல்லோரும் உதாரணம் காட்டுவது பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைத்தான். அதன் கடைசிப் பகுதியின் முழக்கத்துக்கு நடுவே முந்தைய பகுதியான ஸ்கெர்ட்ஸோ பேய் மாதிரி எட்டிப் பார்க்கும். அது வியன்னாவில் அரங்கேறியது 1808 டிசம்பரில். ஹைடன் இதைச் செய்தது அதற்கு 36 வருடம் முன்பு, சதுப்பு நிலத்து அரண்மனையில். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. பேத்தோவனில் திரும்பி வருவது பயம், அதைத் தாண்டித்தான் வெற்றி. ஹைடனில் எதையும் தாண்ட வேண்டியதில்லை. திரும்பி வந்தது எதற்கு என்று அவர் சொல்வதே இல்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கிறது.

கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் அன்டால் டொராட்டி 1969-க்கும் 1972-க்கும் இடையில் ஹைடன் சிம்பொனிகள் அத்தனையையும் பதிவு செய்தார். 1956 எழுச்சிக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து வெளியேறியவர்கள் சேர்ந்த ஃபில்ஹார்மோனியா ஹங்காரிகா என்ற ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. இன்றைய வாத்தியங்கள், தெளிவான வாசிப்பு. ஆனால் வால்வு வைத்த கொம்புக்கு ஏழு கட்டை ஒரு பிரச்சினையே இல்லை, எனவே மேலே சொன்ன மல்லுக்கட்டு அதில் கேட்காது. அதற்குப் பழைய வகை வாத்தியங்களில் வாசித்த பதிவு வேண்டும். ட்ரெவர் பின்னாக்கின் இங்கிலிஷ் கான்செர்ட் குழுவுடையது ஒன்று. ஹைடன் பிறந்து 300 ஆண்டு நிறையும் 2032-க்குள் எல்லாச் சிம்பொனிகளையும் முடிக்கக் கிளம்பியிருக்கும் ஜியோவான்னி அன்டோனினியின் வரிசையிலும் 46 உண்டு, அது இன்னும் முரட்டுத்தனமானது. இந்தப் பதிவுகளைச் சுருதிப் பெட்டியை ஏழு கட்டையில் வைத்துச் சரிபார்த்தால் ஒட்டாது. பழைய வாத்தியக் குழுக்கள் இன்றைய அளவைவிடத் தாழ்வாகச் சுருதி சேர்ப்பார்கள். சில குழுக்களின் பி நம் ஆறரைக் கட்டையிலேயே போய் நிற்கும். இருந்தும் அந்தத் திரை விழுந்த ஒலி அப்படியே இருக்கும். தந்திகளும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன, உறவு மாறவில்லை.

மினுவெட் போன பிறகு பிரஸ்டோ நெடுநேரம் ஓடுவதில்லை. மறுபடி தயங்குகிறது, துண்டு துண்டாகிறது, ஓசை குறைந்துகொண்டே போகிறது. வயலின்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும் இடத்தில் அடியில் ஒரு சட்ஜம் மட்டும் தம்புரா போல நீண்டுகொண்டே நிற்கும். கொம்புகள். மற்ற எல்லோரையும் படாத பாடு படுத்திய அந்த ஏழாம் கட்டையில், மூச்சு விடாமல், அந்த ஒரு சாண் குழல் செருகிய கொம்புகள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஓடி, படாரென்று முடித்துவிடுகிறார்கள்.